பதினைந்தாவது பந்து

கேரம் ஆட்டத்தில் நான் கொஞ்சம் பெயர் வாங்கினவன். எங்கள் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களின் அறையில், நடுப்பகல் இடைவேளையில், எட்டாத மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் காயை எதிர்ச்சட்டத்தில் மோதித் திரும்பும் ஸ்ட்ரைக்கரால் விழத்தட்ட வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்தத் தற்பெருமையை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. சென்ற வருஷம் கோடை விடுமுறையில், ஆறு வார காலத்துக்குள், அந்தப் பெருமை முழுவதையும் ஒரு பச்சைத் துணி விரித்த மேஜையின்மேல் நான் இழக்க நேர்ந்தது.

என் தம்பி அமெரிக்காவில் பிலடெல்பியா நகருக்கு வெளியே ஒரு சிற்றூரில் குடித்தனம் செய்கிறான். அவன் விலைக்கு வாங்கிய வீட்டின் நிலவறையில் ஒரு பழைய பூல் மேஜை கிடந்தது. வீட்டை விற்றவர் மற்றச் சாமான்களையெல்லாம் ஆணி விடாமல் எடுத்துக்கொண்டு போனவர், இதை மட்டும் விட்டுப்போனதற்குத் தாராள மனம் காரணமல்ல. துணிக்கு அடியில் மூன்று பலகையாக ஸ்லேட் கல் பதித்திருக்கிறது; அதைப் படியேற்றிக் கொண்டுபோக நாலு பயில்வான்கள் வேண்டும். அந்தத் துணியின்மேல், ஒரு கோடியில், பென்சிலால் ஒரு முக்கோணம் வரைந்திருந்தது. குழந்தைகள் கிறுக்கியது என்று நான் நினைத்தேன்.

"கிறுக்கல் அல்ல, அண்ணா. அடுத்த வீட்டுப் பெரியவர் வருவார், அவரைக் கேளுங்கள்" என்றான் தம்பி.

பெரியவருக்கு வயது எண்பதுக்கு மேல். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தென் பிலடெல்பியாவிலேயே பிறந்து வளர்ந்து, வாலிபத்தில் இந்த ஆட்டத்தில் நல்ல தேர்ச்சி அடைந்தவர். இப்பொழுது கண் மங்கிவிட்டது. மேஜையின் மறுகோடியில் நிற்கும் பந்து அவருக்கு வெறும் நிழல்தான். கோலைக் கையில் எடுப்பதை விட்டுப் பல வருஷமாயிற்று. ஆனாலும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தவறாமல் பின்பக்கப் படி இறங்கி வந்து, சுவரோரத்தில் உள்ள உயரமான முக்காலியில் உட்கார்ந்துகொள்வார். முதல் நாளே என்னைப் பார்த்து, "ஓ, புரொபஸரா?" என்றார். நான் புரொபஸர் அல்ல, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற சாதாரண உபாத்தியாயன் என்று இரண்டு தடவை திருத்திப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. கடைசி நாள் வரையில் எனக்கு அதுதான் பெயர்.

அமெரிக்காவில் பூல் என்பது ஒரே ஆட்டத்தின் பெயரல்ல. ஒரே மேஜையில் ஆடக்கூடிய பல ஆட்டங்களுக்குப் பொதுப் பெயர். எட்டுப் பந்து, ஒன்பது பந்து என்று இப்பொழுது அங்கே வாலிபர்கள் அதிகமாக விரும்புகிற ஆட்டங்களைப் பற்றிப் பெரியவர் குறைவாகப் பேசமாட்டார். பேசவே மாட்டார் என்பதுதான் சரி. அவருக்குப் பூல் என்றால் "ஸ்ட்ரெயிட் பூல்" ஒன்றுதான். "பதினாலு-ஒன்று" என்று அதற்கு மற்றொரு பெயரும் உண்டு.

அதன் விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது அடி நீளமும் நாலரை அடி அகலமும் உள்ள மேஜை. நாலு மூலைகளிலும் இரண்டு நெடும்பக்கங்களின் நடுவிலும் ஆக ஆறு பாக்கெட்டுகள். 2¼ அங்குல விட்டமுள்ள வர்ணப் பந்துகள் பதினைந்து. அவற்றைத் தட்டுவதற்கு ஒரு வெள்ளைப் பந்து. கோலால் வெள்ளையை மட்டுமே தொடலாம். எந்தப் பந்தை எந்தப் பாக்கெட்டில் போடப்போகிறோம் என்பது அடிப்பதற்கு முன்பே தெரிவிக்கப்படவேண்டும். சொன்ன பந்து விழாமல் தற்செயலாக வேறு பந்து விழுந்தால் அதற்குப் பெருமையும் இல்லை, புள்ளியும் இல்லை. சொன்னபடி விழுந்தால், எந்த நிறமானாலும் எந்த எண்ணானாலும், ஒரு பந்துக்கு ஒரு புள்ளி. போட்டுக்கொண்டேயிருக்கும் வரையில் ஆட்டம் உங்களுடையது, தவறினால் எதிராளியுடையது. வெள்ளையே பாக்கெட்டில் விழுந்துவிட்டால் ஒரு புள்ளி அபராதம் செலுத்திவிட்டு நாற்காலியில் போய் உட்காரவேண்டும். நூறோ, நூற்றிருபத்தைந்தோ, நூற்றைம்பதோ, பேசிக்கொண்ட புள்ளியை முதலில் எட்டியவருக்கு ஜயம்.

பதினைந்தே பந்துகளை வைத்துக்கொண்டு நூற்றைம்பது புள்ளி எப்படி எடுப்பது என்று நேயர்கள் கேட்கலாம். ஆட்டத்தின் உயிர் நிலை அங்கேதான் இருக்கிறது. பதினாலு பந்துகள் விழுந்து ஒன்று மட்டும் மிஞ்சியதும் சற்று நிறுத்துகிறார்கள். விழுந்த பதினாலையும் எடுத்து முக்கோணச் சட்டத்தினுள் அடுக்குகிறார்கள். உச்சியில் இருக்கவேண்டிய பந்தின் இடம் மட்டும் காலி. மிஞ்சிய பதினைந்தாவது பந்து நின்ற இடத்திலேயே நிற்கிறது, வெள்ளையும் அப்படியே. இப்பொழுது ஆடுகிறவர் ஒரே அடியில் இரண்டு காரியங்களைச் சாதிக்கப் பார்க்கிறார். பதினைந்தாவது பந்து பாக்கெட்டில் விழவேண்டும். அதைத் தட்டிய வெள்ளை அத்துடன் நில்லாமல் ஓடி, முக்கோணக் குவியலில் மோதி அதைச் சிதறவைக்கவேண்டும். சிதறினால் மேலே ஆடப் பந்துகள் கிடைக்கும். இப்படியே முக்கோணத்துக்குமேல் முக்கோணமாகப் போய்க்கொண்டிருக்கலாம். மேஜையில் இருந்த பென்சில் கோடு முக்கோணத்தின் எல்லை. மிஞ்சிய பந்து அந்தக் கோட்டுக்கு உள்ளே நிற்கிறதா வெளியே நிற்கிறதா என்ற வழக்கைத் தீர்ப்பதற்காக வரைந்தது. மேஜையை விட்டுப்போன மனிதரும் இந்த ஆட்டத்தின் பக்தர் என்பது அதிலிருந்து தெரிந்தது.

ஆதியில் இந்த ஏற்பாடு இல்லை. பதினைந்தும் விழுந்த பிறகு பதினைந்தையும் அடுக்கிவிடுவார்கள். இறுக அடுக்கிய குவியலிலிருந்து குறித்த பந்தைக் குறித்த பாக்கெட்டில் போடுவது மகா கஷ்டம். ஆகையால் அதுவரையில் சிங்கம்போல் ஆடிக்கொண்டிருந்தவரும் அங்கே வந்ததும் பூனையாகிப் பதுங்கிவிடுவார். 1910-ஐ ஒட்டி ஜெரோம் கியோ என்ற ஆட்டக்காரர் ஒரு சிறு திருத்தம் சொன்னார்: ஒரு பந்தை மட்டும் அடுக்காமல் வெளியே விட்டுவையுங்கள் என்று. 1912-லிருந்து சாம்பியன் பந்தயங்கள் அந்த விதிப்படியே நடக்கலாயின. பந்தும் மேஜையும் பழையவைதாம். ஆட்டம் மட்டும் புதிதாகிவிட்டது.

நிற்க. என் சங்கதிக்கு வருகிறேன்.

முதல் வாரம் நான் ஆடிய ஆட்டத்தில் மொத்தமாகப் பார்த்தால் பந்துகள் விழத்தான் செய்தன. நீண்ட அடி, மெல்லிய அடி, குஷனில் மோதித் திரும்பும் அடி எல்லாம் வந்தன. ஆனால் தொடர்ச்சியாக நாலு, ஐந்து, ஒரே ஒரு தடவை ஒன்பது, அதற்குமேல் போகவில்லை. ஒரு பிரமாதமான பந்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால் வெள்ளை ஏதாவது ஒரு மூலையில், மற்றொரு பந்தின் முதுகுக்குப் பின்னால், கடன்காரனைக் கண்டவன்போல் ஒளிந்துகொண்டிருக்கும். அதிர்ஷ்டம் இல்லை என்று நான் சொன்னேன். தம்பியும், அண்ணனுக்கு மரியாதை செய்யவேண்டுமென்று, "ஆமாம், அண்ணா" என்றான்.

பெரியவர் அப்படிச் சொல்லவில்லை. "உங்கள் ஊரில் நீங்கள் ஆடும் பலகை ஆட்டத்தைச் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். ஒவ்வோர் அடிக்கும் ஸ்ட்ரைக்கரைக் கையில் எடுத்து நம் பக்கத்துக் கோட்டில் வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பது வரையில் சொன்னதும் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். "போதும், புரொபஸர். இங்கே உங்களுக்கு அந்தக் கோடு கிடையாது" என்றார்.

நாற்பது வருஷமாகக் கேரம் ஆடியவனுக்கு அந்த வார்த்தை எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. கேரமில் காய் விழுந்ததோடு ஓர் அடியின் கணக்குத் தீர்ந்தது. ஸ்ட்ரைக்கர் எங்கே போய் நின்றால் நமக்கென்ன? இங்கேயோ வெள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்தேதான் அடுத்த அடி. பந்தைப் பாக்கெட்டில் போடுவது பாதி வேலை. மற்றப் பாதி, சொல்லப்போனால் பெரிய பாதி, வெள்ளையை எங்கே விட்டுவைக்கிறோம் என்பது. எங்கள் உதகமண்டலத்துக் கிளப்பில் 1880-களில் விதி வகுக்கப்பட்ட ஸ்நூக்கரிலும் இதே நியாயம்தான். ஆனால் அதில் சிவப்பு, பிறகு வர்ணம் என்று ஓரளவு வரிசை உண்டு. ஸ்ட்ரெயிட் பூலில் வரிசையே இல்லை. எதை வேண்டுமானாலும் முதலில் போடலாம். இந்தச் சுதந்திரம்தான் ஆளை அடித்துவிடுகிறது. பதினைந்து பந்துகளை வரிசைப்படுத்தக்கூடிய வழிகளைக் கணக்கிட்டால் 1,30,767 கோடிக்கு மேல் வருகிறது! அவற்றில் மனிதன் ஆடி முடிக்கக்கூடிய வரிசைகள் சிலவே. எது என்று மேஜையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டும்.

பெரியவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை விசித்திரமானது. அவருக்குக் கண் தெரியாதாகையால், அடிப்பதற்கு முன் ஒவ்வொரு பந்தும் எங்கே நிற்கிறது என்பதை நான் வாயால் சொல்லவேண்டும். "மூன்றாம் எண், இடது குஷனை ஒட்டி, நடுப் பாக்கெட்டுக்கு ஒரு சாண் கீழே. ஏழும் பன்னிரண்டும் ஒட்டிக்கொண்டு, மேஜையின் நடுவில்..." இப்படி. எல்லாம் சொல்லி முடித்தபின் அவர் இரண்டு கேள்விகள் கேட்பார்: "எதைப் போடப்போகிறீர்கள்? வெள்ளையை எங்கே விடப்போகிறீர்கள்?" இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லாமல் அடித்தால், பந்து விழுந்த சத்தம் கேட்டாலும் அவர் முகத்தில் ஒரு மாறுதலும் இராது. ஐந்தாறு நாள் எனக்கு இது பெரிய உபத்திரவமாக இருந்தது. பிறகுதான் ஒன்று கவனித்தேன். வாயால் சொல்ல ஆரம்பித்த பின்னரே நான் மேஜையை முழுதும் பார்க்கத் தொடங்கியிருந்தேன். அதற்குமுன் என் கண்ணுக்கு விழக்கூடிய பந்து ஒன்றுதான் தெரிந்துகொண்டிருந்தது.

வெள்ளையை வேண்டிய இடத்தில் விடுவது எப்படி? இங்கே என் கணக்குப் பாடம் கொஞ்சம் உதவியது. வெள்ளை சுழலாமல் வழுக்கிச் சென்று மற்றொரு பந்தைச் சாய்வாகத் தட்டினால், தட்டுண்ட பந்து ஒரு திசையிலும், வெள்ளை அதற்கு ஏறக்குறையச் செங்கோணமான திசையிலும் பிரியும். நேருக்கு நேராகத் தட்டினாலோ, வெள்ளை தன் வேகம் முழுவதையும் தானம் செய்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். அந்த நிறுத்தம் பார்க்க வெகு அழகு. வெள்ளை உருண்டுகொண்டே வந்து தட்டினால் கணக்கு வேறு. மற்றப் பந்தின் கால் பாகத்திலிருந்து முக்கால் பாகம் வரையில் எந்த அளவு மறைத்துத் தட்டினாலும், தான் வந்த வழியிலிருந்து சுமார் 30 பாகையே விலகி முன்னே போகும். வெள்ளையின் மேல்பாகத்தில் கோலால் குத்தினால் மோதியபின் முன்னே ஓடும். கீழ்ப்பாகத்தில் குத்தினால் பின்னே திரும்பும். இவ்வளவும் தெரிந்துகொண்டால் வெள்ளை ஒளிந்துகொள்வது அதிர்ஷ்டத்தின் வேலை அல்ல என்று ஆகிவிடுகிறது. அது நானே அனுப்பிவைத்த இடத்துக்குத்தான் போயிருக்கிறது!

தெரிந்துகொள்வது வேறு, கை வருவது வேறு. பின்னிழுக்கும் அடியில் இரண்டு தடவை துணியைக் கிழித்துவிட இருந்தேன். அதைக் கண்ட பெரியவர், இல்லை, கேட்ட பெரியவர், இழுப்பையும் ஓட்டத்தையும் விட்டுவிட்டு வெள்ளை குறைவாக நடமாடும் வழியைத் தேடச் சொன்னார். வெள்ளை எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு பிசகும். நாலடி போகவேண்டிய அடியில் அரை அடி தவறலாம்; அரை அடியே போகவேண்டிய அடியில் தவறினாலும் இரண்டு அங்குலம்தான். பக்கத்தில் உள்ள பந்தைப் போடு, அதற்குப் பக்கத்தில் உள்ளதைப் போடு, மற்றப் பந்துகளை வீணாக இடிக்காதே என்பதே அவருடைய உபதேசம். வெள்ளை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதும் தூரத்தைப்போலவே முக்கியம். உதாரணமாக, நடுப் பாக்கெட்டுக்கு எதிரே ஒரு பந்து. அதற்கடுத்துப் போடவேண்டியது கீழ்க்கோடியில் இருக்கிறது. பந்தையும் நடுப் பாக்கெட்டையும் இணைக்கும் நேர்கோட்டுக்கு வெள்ளை சற்று மேலே நின்றால், தட்டியபின் தானாகவே கீழ்க்கோடியை நோக்கி நகரும். அதே வெள்ளை நாலு விரற்கடை கீழே நின்றுவிட்டால் மேல்கோடியை நோக்கி ஓடும். அதைக் குஷன் குஷனாக மோதவைத்துத் திருப்பி அழைத்து வரவேண்டும். நாலு விரற்கடைப் பிசகுக்கு மேஜையைப் பிரதட்சிணம் செய்யும் தண்டனை!

எதை முதலில் போடுவது என்பதில் எனக்கும் பெரியவருக்கும் ஒரு சண்டையே வந்தது. பரீட்சையில் எளிய கேள்விகளை முதலில் எழுதிவிடுங்கள், கடினமானவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருபது வருஷமாகப் பையன்களுக்குச் சொல்லிவருகிறவன் நான். பாக்கெட்டின் வாயிலில் நிற்கும் பந்துகளைத்தான் முதலில் துடைத்தேன். முடிவில் குஷனை ஒட்டிய இரண்டும், ஒன்றையொன்று கட்டிக்கொண்ட இரண்டும் மிஞ்சின. அவற்றின் நடுவே நான் திண்டாடினேன். பெரியவர் இதைத் தலைகீழாக மாற்றச் சொன்னார். சங்கடமான பந்துகளை, மேஜையில் வேறு பந்துகள் நிறைய இருக்கும்பொழுதே கவனிக்கவேண்டும். ஒட்டிக்கொண்டிருப்பவற்றை வெள்ளையால் மெல்ல இடித்துப் பிரிக்கவேண்டும். அப்படி இடித்தபின் வெள்ளை எங்கே போய் நிற்கும் என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆகையால் எங்கே நின்றாலும் போட்டுவிடக்கூடிய ஒரு வாயிற் பந்தை அதற்காகவே மிச்சம் வைத்திருக்கவேண்டும். எளிய பந்து செலவழிப்பதற்கல்ல, ஆபத்துக் காலத்துக்குச் சேமிப்பதற்கு. இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது. பரீட்சை விஷயத்தில் என் அபிப்பிராயத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

மூன்றாவது வாரம் முடிவதற்குள் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணிக்கை ஏறியது. ஒரு நாள் பதினாலும் விழுந்தன. மிஞ்சிய பந்தோ மேல்கோடியில், குஷனோடு குஷனாக நின்றது. பதினாலையும் கீழ்க்கோடியில் அடுக்கினோம். அந்தப் பந்தைப் போட்டு வெள்ளையை அங்கே கொண்டுபோய் மோதவைப்பது தேவேந்திரனாலும் ஆகாது. நான் தவறினேன். அடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. பதினாலு என்ற எண் ஒரு மதில்போல் நின்றது. அப்பொழுதுதான் பெரியவர் மூன்றாவது கேள்வியைக் கேட்டார்: "புரொபஸர், கடைசிப் பந்து எது என்று எப்பொழுது தீர்மானித்தீர்கள்?"

நான் எங்கே தீர்மானித்தேன்? மிஞ்சியது மிஞ்சியது, அவ்வளவுதான்.

இந்த ஆட்டத்தின் ரகசியம் இதுதான். முடிவிலிருந்து ஆரம்பத்தை நோக்கி யோசிக்கவேண்டும். பந்துகள் சிதறிய உடனேயே, இன்னும் எட்டோ பத்தோ பாக்கி இருக்கும்பொழுதே, மிச்சம் வைக்கவேண்டிய பதினைந்தாவது பந்தைத் தேர்ந்துகொள்ளவேண்டும். அது பென்சில் முக்கோணத்தின் பக்கவாட்டில், கோட்டுக்கு வெளியே, ஒரு சாண் தூரத்துக்குள் நின்றால் உத்தமம். அதைக் கீழ் மூலைப் பாக்கெட்டுக்குச் சாய்வாகத் தட்டும் வெள்ளை, வேறு வழியின்றிக் குவியலின் விலாவில் போய் மோதும். அது "பிரேக் பந்து". அதைத் தட்டுவதற்கு வெள்ளை எங்கே நிற்கவேண்டுமோ அந்த இடத்தில் அதைக் கொண்டுவந்து நிறுத்தக்கூடிய பந்து எது என்று அடுத்தபடி பார்க்கவேண்டும். அதுதான் பதினாலாவதாக விழவேண்டியது. அதற்கு அமெரிக்கர்கள் "சாவி" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நடுப் பாக்கெட்டுக்கு நேராக நிற்கும் பந்து நல்ல சாவி. நேராகத் தட்டினால் வெள்ளை அங்கேயே நின்றுவிடுமல்லவா? பிறகு, அந்தச் சாவிக்கு நேராக வெள்ளையைக் கொண்டுவரும் பந்து எது? அது பதின்மூன்றாவது. இப்படி மூன்று பந்துகளையாவது ஆரம்பத்திலேயே குறித்துவைத்துவிட்டு, எவ்வளவு ஆசை காட்டினாலும் அவற்றைத் தொடாமல், மற்றவற்றைத் தீர்க்கவேண்டும். கல்யாணத்துக்கு எடுத்துவைத்த பட்டுப்புடவையைத் தீபாவளிக்கு உடுத்தாமலிருப்பது போன்ற வைராக்கியம் இதற்கு வேண்டும்.

பெரியவர் வாலிபத்தில் வில்லி மாஸ்கோனி ஆடியதை நேரில் பார்த்தவர். மாஸ்கோனியும் பிலடெல்பியாக்காரர், 1913-ல் பிறந்து 1993-ல் மறைந்தவர். அவருடைய தகப்பனார் பூல் மண்டபம் நடத்தினவர். மகன் இந்த ஆட்டத்தில் இறங்குவதில் அவருக்கு இஷ்டமில்லை. கோல்களையும் பந்துகளையும் பூட்டிவைத்தார். பையன் சமையலறையிலிருந்து உருண்டையான உருளைக்கிழங்குகளைக் கொண்டுவந்து துடைப்பக் கழியால் தட்டிப் பழகினானாம். அந்தப் பையன்தான் 1941 முதல் 1957 வரையில் 15 தடவை உலக சாம்பியன் பட்டத்தை அடைந்தார். 1954 மார்ச் 19-ந் தேதி ஓஹையோ மாகாணத்து ஸ்பிரிங்பீல்டில், எட்டடி மேஜை ஒன்றில், தவறாமல் தொடர்ச்சியாக 526 பந்துகள் போட்டார். பதினாலால் வகுத்துப் பாருங்கள். குறைந்தது முப்பத்தேழு தடவையாவது பதினைந்தாவது பந்தை வேண்டிய இடத்தில் மிச்சம் வைத்து, குவியலைச் சிதற அடித்திருக்கவேண்டும். அந்த எண்ணிக்கை 65 வருஷம் அசையாமல் நின்றது. 2019-ல் ஜான் ஷ்மிட் 626 போட்டார். 2022 ஜனவரியில் ஸ்காட்லாந்துக்காரரான ஜேஸன் ஷா 714 போட்டார்.

மாஸ்கோனிக்கு முன் இந்த ஆட்டத்தில் கொடிகட்டிப் பறந்தவர் ரால்ப் கிரீன்லீப். 1919-ல் முதன்முதலாகப் பட்டம் பெற்ற அவர் நாடகமேடையிலும் ஆடிக்காட்டினார். மேஜைக்கு மேலே பெரிய கண்ணாடி ஒன்றைச் சாய்த்துக் கட்டி, கீழே உட்கார்ந்திருந்த ஜனங்களுக்குப் பந்துகள் ஓடுவதைத் தெரியச் செய்தார்களாம். இர்விங் கிரேனின் கதை வேறு விதம். 1966-ல் அமெரிக்க ஓப்பன் இறுதிப் பந்தயத்தில் அவர் ஒரே மூச்சில் 150 பந்துகளையும் போட்டு ஆட்டத்தை முடித்தார். எதிராளி ஜோ பால்ஸிஸும் சாமானியர் அல்ல. ஆயினும் அவர் செய்ய முடிந்ததெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

மாஸ்கோனியின் ஆட்டம் எப்படி இருந்தது என்று பெரியவரைக் கேட்டேன். ஏதோ ஜாலவித்தைகளை எதிர்பார்த்துத்தான் கேட்டேன். "ஏமாற்றமாக இருந்தது. கஷ்டமான அடி ஒன்றுகூட நான் பார்க்கவில்லை. எல்லாம் என்னாலேயே போட்டுவிடக்கூடிய பந்துகள். வெள்ளை அரை அடி நகரும், நிற்கும். அரை அடி நகரும், நிற்கும். வீட்டுக்கு வந்து நான் ஆடிப் பார்த்தபோது எனக்கு எல்லாம் கஷ்டமான பந்துகளாகவே வந்தன" என்றார். பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவருடைய அதிகபட்சம் எவ்வளவு என்று கேட்கவேண்டும்போல் இருந்தது, கேட்கவில்லை. தம்பி பிற்பாடு சொன்னான், அவரோடு ஆடிய நண்பர்களில் இப்பொழுது ஒருவரும் இல்லை என்று. குவியல் சிதறும் சத்தத்தைக் கேட்கத்தான் அவர் தினந்தோறும் படி இறங்கி வருகிறார் என்று எனக்குத் தோன்றியது. நாங்களோ அந்தச் சத்தத்தை ஒரு நாளும் அவருக்குக் கொடுக்கவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலம். பெட்டிகள் மாடியில் கட்டித் தயாராக இருந்தன. தம்பி சில பந்துகளைப் போட்டுத் தவறினான். அவற்றை எடுத்து மேஜையில் பரப்பிவிட்டு, "அண்ணா, நீங்கள் ஆடுங்கள்" என்று கோலைச் சுவரில் சாத்திவிட்டு விலகிக்கொண்டான். நான் வழக்கம்போல் பதினைந்தையும் ஒப்புவித்தேன். "ஒன்பதாம் எண் முக்கோணத்துக்கு வலப்பக்கம், கோட்டிலிருந்து நாலு அங்குலம். அதுதான் கடைசி. நாலாம் எண் இடது நடுப் பாக்கெட்டுக்கு எதிரே, அது சாவி" என்றேன். பெரியவர் தலையை அசைத்தார்.

குஷனை ஒட்டிய ஒரு பந்தை இரண்டாவதாகவே போட்டேன். ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு பந்துகளை ஐந்தாவது அடியில் பிரித்தேன். வெள்ளை எதிர்பாராத இடத்துக்குத்தான் போயிற்று, ஆனால் வாயிற் பந்து ஒன்று காத்திருந்தது. பத்து, பதினொன்று. பன்னிரண்டாவதில் வெள்ளை கொஞ்சம் அதிகமாக உருண்டது. ஒன்பதாம் எண் பாக்கெட்டுக்கு நேராக, "என்னைப் போடு" என்று கெஞ்சிக்கொண்டு நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை விட்டுவிட்டு, தூரத்தில் இருந்ததைப் பதின்மூன்றாவதாகப் போட்டேன். பிறகு நாலாம் எண். வெள்ளை நின்றது, ஏறக்குறைய நான் சொன்ன இடத்தில்.

தம்பி பந்துகளைப் பொறுக்க ஆரம்பித்தான். அப்பொழுது ஒரு காரியம் நடந்தது. ஆறு வாரமாக முக்காலியை விட்டு இறங்காத பெரியவர் இறங்கி வந்தார். சட்டத்தைத் தம் கையில் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு பந்தாகத் தடவிப் பார்த்து அடுக்கினார். உச்சி இடத்தை விரலால் தொட்டுப் பார்த்து அது காலியாக இருப்பதை நிச்சயப்படுத்திக்கொண்டார். சட்டத்தைத் துளியும் அசங்காமல் தூக்கிவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டே போய்ச் சுவரோடு நின்றார்.

என் கை நடுங்கியது என்பதை மறைப்பானேன்? ஒன்பதாம் எண் பாக்கெட்டில் விழுந்தது எனக்குத் தெரியவே தெரியாது. வெள்ளை குவியலில் மோதிய சத்தம் மட்டும் கேட்டது. மாஸ்கோனி அடித்தால் மேஜை முழுதும் பந்தாக இருந்திருக்கும். என் அடிக்கு ஆறு பந்துகள் பிரிந்தன. மற்றவை அரைத் தூக்கத்தில் புரண்டு படுப்பவைபோல் கொஞ்சம் அசைந்து கொடுத்தன. ஆனாலும் சிதறல் சிதறல்தானே?

பதினைந்து. பிறகு பதினாறு, பதினேழு. பதினெட்டாவது பந்து குஷனோரமாக உருண்டு பாக்கெட்டின் உதட்டில் மோதி வெளியே வந்துவிட்டது.

தம்பி கைதட்டினான். பெரியவர் தட்டவில்லை. "பதினாறாவதைப் போட்டபோது வெள்ளையை எங்கே விட நினைத்தீர்கள்?" என்று கேட்டார். அவசரத்தில் நினைக்க மறந்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். "அப்படித்தான் சத்தம் கேட்டது" என்றார். சற்றுப் பொறுத்து, "நாளைக்கு விமானம் எத்தனை மணிக்கு?" என்றார்.

காலை பத்தரைக்கு என்றேன்.

"அப்படியானால் நேரம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் முக்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.